ஒரு கம்பி, பல இணைப்புகள்



ஒரு வீட்டில் நடந்த சிறு சச்சரவிலிருந்து இன்றைய உரையைத் தொடங்குவோம். நம்மிடம் படித்துச் சென்ற மாணவன் ஒருவனின் தகப்பனார் ஒரு நாள் முறையிட வந்தார். அவர் வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவள் ஐந்தாம் படிவத்தில் படிக்கிறாள். மாலை வேளைகளில் கணினி வழியாகக் கூடுதல் வகுப்பில் அமர்கிறாள். நடுப்பிள்ளைதான் நம் பழைய மாணவன். நண்பர் நால்வரோடு அணி சேர்ந்து கைப்பேசியில் இணைய விளையாட்டு ஆடுகிறான். கடைக்குட்டி பொம்மைப் படம் பார்க்கிறது. இத்தனைக்கும் வீட்டுக்கு வரும் இணையக் கம்பி ஒன்றே ஒன்றுதான்.

தகப்பனார் வேலை முடிந்து வீடு திரும்பிச் சற்று நேரம் ஆகியிருந்தது. வகுப்பில் இருந்த மகள், "அப்பா, டீச்சர் பேசுறது எனக்குக் கேக்குது, நான் பேசுறதுதான் அவங்களுக்கு விட்டு விட்டுக் கேக்குதாம். தம்பி விளையாடுறதாலதான் இப்படி" என்றாள். தகப்பனார் எழுந்து போய் ரவுட்டர் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டார். பையனின் ஆட்டம் பாதியில் அறுந்தது. அவனை நம்பி ஆடிக்கொண்டிருந்த நால்வரும் தோற்றனர். மகளின் வகுப்பும் கூடவே நின்றது. மறுநாள் நம்மிடம் வந்து, "சார், நீங்க சொன்னாக் கேப்பான். இந்த விளையாட்டை விடச் சொல்லுங்க" என்றார்.

நாமும் மறுயோசனை இன்றிப் பையனை அழைத்துக் கண்டித்தோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "நான் ஆடுறதுக்கு அவ்வளவு லைன் வேண்டாம், சார்" என்று மட்டும் சொன்னான். அதை நாம் காதில் வாங்கவில்லை. பிறகுதான் அவன் சொன்னதே உண்மை என்று அறிந்தோம். குற்றவாளி வேறொருவர். அவர் யார் என்பதை உரையின் முடிவில் கூறுவோம். அதற்கு முன், ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் பல இணைப்புகள் எவ்வாறு ஓடுகின்றன, ஓர் இணைய விளையாட்டு எத்தனை இணைப்புகளைத் திறக்கிறது, அவற்றுள் எது எதற்கு இடையூறு செய்கிறது என்பவற்றை முறையாகத் தெரிந்துகொள்வோம்.

முதலில் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். இணையக் கம்பியில் செல்வது குழாயில் ஓடும் தண்ணீரைப் போன்றதன்று. நாம் அனுப்புவதும் பெறுவதும் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டே செல்கின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்புபவரின் முகவரி, பெறுபவரின் முகவரி ஆகிய இரண்டும் எழுதப்பட்டிருக்கும். அவற்றோடு ஒவ்வொரு முகவரிக்கும் வாசல் எண் ஒன்றும் உண்டு. வாசல் எண் 0 முதல் 65,535 வரை இருக்கலாம். முகவரி கணினியைக் காட்டும். வாசல் எண் அக்கணினியில் இயங்கும் எந்த வேலைக்கு உரிய பொட்டலம் அது என்பதைக் காட்டும்.

இதை நம் தோட்டத்து வழக்கத்தைக் கொண்டு விளங்கிக்கொள்வது எளிது. முற்காலத்தில் தோட்டத்து மக்களுக்கு வரும் கடிதங்கள் யாவும் தோட்ட அலுவலகத்தின் முகவரிக்கே வந்து சேரும். வெளியுலகுக்குத் தெரிந்தது அந்த ஒரே முகவரிதான். அலுவலகத்தில் உள்ள கிராணி கடிதத்தைப் பார்த்து, இது இன்ன லயத்தில் இன்ன வீட்டுக்கு உரியது என்று பிரித்துக் கொடுப்பார். நம் வீட்டு ரவுட்டர் பெட்டி செய்வதும் அந்தக் கிராணியின் வேலையே. மூத்தவளின் கணினி, தம்பியின் கைப்பேசி, கடைக்குட்டியின் பலகைக் கணினி எல்லாவற்றுக்கும் வெளியே ஒரே முகவரிதான். ஒவ்வோர் இணைப்பும் வெளியே கிளம்பும்போது ரவுட்டர் அதற்கென ஒரு வாசல் எண்ணைக் கொடுத்துத் தன் குறிப்பேட்டில் பதிந்துகொள்கிறது. மறுமொழி வரும்போது குறிப்பேட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது.

பழைய முறையிலான இணைய முகவரிகள் உலகம் முழுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 429 கோடிதான். அவை எல்லாக் கருவிகளுக்கும் போதாமற்போனதால் இந்த ஏற்பாடு பரவியது. ஆக, பல இணைப்புகள் என்றால் பல கம்பிகள் என்று பொருளன்று. கம்பி ஒன்றே. குறிப்பேட்டில் உள்ள பதிவுகள்தாம் பல.

இனி விளையாட்டுக்கு வருவோம். பையன் கைப்பேசியைத் தட்டி ஆட்டத்தைத் திறந்ததும் ஒன்றன்று, பல இணைப்புகள் எழுகின்றன. முதலாவது, பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்து, நண்பர் பட்டியலையும் வென்ற பரிசுகளையும் காட்டும் இணைப்பு. இரண்டாவது, ஆட்டமே நடக்கும் இணைப்பு. ஓடுவதும் திரும்புவதும் அடிப்பதும் இதன் வழியே செல்லும். மூன்றாவது, அணியினர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் குரல் இணைப்பு. நான்காவது, ஆட்டத்தின் புதிய பகுதிகளை இறக்கிக்கொள்ளும் இணைப்பு. இந்த நான்காவது மட்டும் பெரும்பாலும் தனித்து வருவதில்லை. விரைவாக இறங்க வேண்டும் என்பதற்காக ஒரே நேரத்தில் ஐந்தாறு இணைப்புகளாக வரும்.

இத்தனையையும் ஒரே இணைப்பில் சேர்த்து அனுப்பினால் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை, அனுப்பப்படும் பொருள்களின் தன்மையில் இருக்கிறது. சில செய்திகள் காலம் தாழ்ந்தாலும் தவறாமல் போய்ச் சேர வேண்டும். வேறு சில செய்திகள் தவறிப்போனாலும் போகட்டும், காலம் தாழ்ந்து மட்டும் வரக் கூடாது. இந்த இரு வகைக்கும் இணையத்தில் இரு வேறு நெறிமுறைகள் உள்ளன.

முதல் வகைக்கு உரியது டி.சி.பி. என்பது. இதன் அடிப்படையை வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1974ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1981ஆம் ஆண்டில் அது விதிமுறையாக எழுதப்பட்டது. இதனைப் பதிவுத் தபால் எனலாம். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் வரிசை எண் உண்டு. கிடைத்தது என்று மறுமுனை கையொப்பம் இட வேண்டும். கையொப்பம் வராவிட்டால் அனுப்பியவர் மீண்டும் அனுப்புவார். அதுமட்டுமன்று, ஏழாம் எண் பொட்டலம் வழியில் தொலைந்துவிட்டால், எட்டும் ஒன்பதும் பத்தும் வந்து சேர்ந்திருந்தாலும் உரியவரிடம் கொடுக்கப்படமாட்டா. ஏழாவது வந்து சேரும்வரை அவை காத்துக் கிடக்க வேண்டும். வரிசை கலையக் கூடாது என்பது டி.சி.பி.யின் பிடிவாதம்.

இரண்டாம் வகைக்கு உரியது யு.டி.பி. 1980ஆம் ஆண்டில் ஜான் போஸ்டல் என்பவர் இதனை மூன்றே பக்கங்களில் எழுதி முடித்தார். இது சாதாரண அஞ்சல் அட்டையைப் போன்றது. எழுதிப் பெட்டியில் போட்டுவிடுவதோடு சரி. கையொப்பமும் இல்லை, மறு அனுப்புதலும் இல்லை, வரிசையும் இல்லை. டி.சி.பி. பொட்டலத்தின் தலைப்புக்குக் குறைந்தது 20 பைட் இடம் வேண்டும், யு.டி.பி.க்கு 8 பைட் போதும்.

பதிவுத் தபால் இருக்கும்போது அஞ்சல் அட்டையை யார் விரும்புவார்? பால்மரம் வெட்டிய குடும்பத்தாருக்கு இதற்கு விடை சொல்லித் தர வேண்டியதில்லை. வாளியில் எடுத்த பாலை உரிய நேரத்துக்குள் நிறுக்கும் இடத்தில் சேர்க்க வேண்டும். வழியில் சிறிது சிந்திவிட்டால் அந்த அளவு நட்டம், மீதியை நிறுத்துக்கொள்ளலாம். நேரம் தவறினாலோ வாளியில் உள்ளது முழுவதும் உறைந்துபோகும்; பிறகு அது பால் கணக்கில் சேராது. ஆட்டத்தில் ஒருவன் நிற்கும் இடத்தைச் சொல்லும் செய்தியும் இத்தகையதே. "நான் இப்போது மரத்தடியில் இருக்கிறேன்" என்ற செய்தி தொலைந்தால் குற்றமில்லை. அடுத்த கணமே "நான் பாறையோரம் இருக்கிறேன்" என்ற புதுச் செய்தி வந்துவிடும். தொலைந்த பழைய செய்தியைத் தேடி எடுத்து, அது வரும்வரை புதியவற்றைக் காக்கவைப்பது பேதைமை. ஆதலால் விரைவான ஆட்டங்களின் ஓட்டமும் அணியினரின் குரலும் யு.டி.பி. வழியே செல்கின்றன. கடவுச்சொல்லும் பரிசுக் கணக்கும் டி.சி.பி. வழியே செல்கின்றன.

இந்த உண்மை விளையாட்டு உலகத்துக்கு எளிதில் விளங்கிவிடவில்லை. 1993ஆம் ஆண்டு டிசம்பரில் ஐ.டி. சாஃப்ட்வேர் என்னும் அமெரிக்க நிறுவனம் டூம் என்ற விளையாட்டை வெளியிட்டது. ஓர் அலுவலகத்துக்குள் இணைக்கப்பட்ட கணினிகளில் நான்கு பேர் வரை சேர்ந்து ஆடலாம். நடுவர் என்று தனிக் கணினி இல்லை. ஒவ்வொருவரின் அசைவும் மற்ற எல்லாருக்கும் சென்றது. ஒருவரின் செய்தி தாமதித்தால் எல்லாரும் காத்திருக்க வேண்டும். முதற்பதிப்பில் இன்னொரு குறையும் இருந்தது. ஆட்டப் பொட்டலங்கள் பறையறிவிப்பைப் போல அலுவலகத்தின் எல்லாக் கணினிகளுக்கும் கேட்கும்படி அனுப்பப்பட்டன. ஆடாதவர்களின் கணினிகளும் அவற்றைக் கேட்டுத் தள்ளிவிட வேண்டியதாயிற்று. நான்கு பேர் ஆடியதில் அலுவலகத்தின் வேலையே தடுமாறியது. பின்னர் வந்த பதிப்பில் அது திருத்தப்பட்டது.

எல்லாரும் எல்லாரோடும் நேரடியாக இணைவதில் ஒரு கணக்குச் சிக்கலும் உண்டு. இதை வகுப்பறையிலேயே செய்து பார்க்கலாம். நான்கு மாணவர்களை வட்டமாக நிறுத்தி, ஒவ்வொருவரையும் மற்ற ஒவ்வொருவரோடும் நூலால் இணைத்தால் 6 நூல்கள் வேண்டும். பத்து மாணவர்களுக்கு 45 நூல்கள். நூறு பேருக்கு 4,950 நூல்கள். அதே நூறு பேருக்கும் நடுவில் ஓர் ஆசிரியர் நின்று, ஒவ்வொரு நூலின் மறுமுனையையும் தாமே பிடித்துக்கொண்டால் 100 நூல்கள் போதும். 2017ஆம் ஆண்டில் பரவிய பப்ஜி, ஃபோர்ட்நைட் போன்ற ஆட்டங்களில் ஒரே களத்தில் 100 பேர் இறங்குகிறார்கள். நடுவில் ஒரு சேவையகக் கணினி இல்லாமல் அது நடவாது.

அந்த நிறுவனமே 1996ஆம் ஆண்டு ஜூனில் குவேக் என்ற ஆட்டத்தை வெளியிட்டபோது, நடுவில் சேவையகம் நிற்கும் முறைக்கு மாறியிருந்தது. ஆயினும் இணையத்தில் ஆடியவர்கள் அல்லலுற்றனர். பொத்தானை அழுத்தினால், செய்தி சேவையகத்துக்குப் போய் விடை திரும்பிய பிறகே திரையில் உருவம் நகர்ந்தது. அதனை எழுதிய ஜான் கார்மாக் அதே ஆண்டு ஆகஸ்டில் தம் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தாமதம் 200 மில்லி விநாடிக்குள் இருக்கும் என்று கருதி ஆட்டத்தை அமைத்ததாகவும், தொலைபேசி மோடம் வழியே வரும் பெரும்பாலோருக்கு அது 300 மில்லி விநாடிக்கும் மேல் என்றும் எழுதினார். மில்லி விநாடி என்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

தவற்றை ஒப்புக்கொண்டதோடு அவர் நிற்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் குவேக்வேர்ல்டு என்ற புதிய அமைப்பு வெளிவந்தது. அதில் பொத்தானை அழுத்தியதும் ஆடுபவரின் கணினியே அவர் உருவத்தை நகர்த்திக் காட்டிவிடும். சேவையகத்தின் தீர்ப்பு வந்து சேர்ந்ததும், வேறுபாடு இருந்தால் திருத்திக்கொள்ளும். இன்றைய விரைவான ஆட்டங்கள் பலவும் இந்த வழியையே பின்பற்றுகின்றன. பையன்கள் ஆடும்போது, "பின்னால இழுத்துட்டுப் போயிடுச்சு" என்று கூச்சலிடுவதை நேயர்கள் கேட்டிருக்கலாம். அவன் கணினி முன்கூட்டிக் காட்டியதைச் சேவையகம் ஏற்காமல் திருத்திய கணம் அது.

குவேக்வேர்ல்டு அமைப்பில் நம் கிராணிக் கதைக்கும் ஓர் இடம் உண்டு. முந்திய குவேக்கில் சேவையகம் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் தனித்தனி வாசல் எண்ணைத் திறந்தது. குவேக்வேர்ல்டில் எல்லா ஆட்டக்காரரும் ஒரே வாசலுக்கு அனுப்பினர். யாருடைய பொட்டலம் என்பதை அனுப்பியவரின் முகவரியையும் வாசல் எண்ணையும் கொண்டு சேவையகம் அறிந்துகொண்டது. ஆனால் சில ரவுட்டர்கள் ஆட்டத்தின் நடுவிலேயே குறிப்பேட்டைத் திருத்தி, ஆடுபவருக்கு வேறு வாசல் எண்ணைக் கொடுத்துவிட்டன. சேவையகத்துக்கு அவர் முன்பின் அறியாத புதியவராகத் தோன்றினார். எனவே ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் ஆடுபவருக்கென ஓர் அடையாள எண்ணையும் எழுதி வைத்தார்கள். கிராணி உறையின் மேல் எண்ணை மாற்றி எழுதினாலும், உள்ளே உள்ள கையெழுத்தைப் பார்த்து இன்னார் என்று அறிந்துகொள்வது போன்ற ஏற்பாடு இது. 2021ஆம் ஆண்டில் விதிமுறையாக வெளியான குவிக் என்னும் புதிய நெறிமுறையும் இணைப்புக்கென ஓர் அடையாள எண்ணைக் கொண்டது. முகவரியே மாறினாலும் இணைப்பு அறாமல் தொடர அது வழிசெய்கிறது. ஓர் இணைப்புக்குள்ளேயே பல இழைகளை ஓட்டி, ஓர் இழையில் பொட்டலம் தொலைந்தால் மற்ற இழைகள் காத்திராமல் செல்லவும் அது இடம் தருகிறது. இத்தகைய ஏற்பாடு இல்லாத ஆட்டங்களில், நடுவே வீட்டு இணைப்பிலிருந்து கைப்பேசி இணைப்புக்குத் தாவினால் முகவரி மாறி ஆட்டம் அறுந்துபோவது இயல்பே.

தாமதத்தில் ஒரு பகுதியை யாராலும் குறைக்க முடியாது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. அதாவது ஒரு மில்லி விநாடிக்கு 200 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு நேர்க்கோட்டில் 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். போய்வர ஒளிக்கு மூன்று நான்கு மில்லி விநாடிகளே தேவை. சிங்கப்பூரிலிருந்து அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரமோ ஏறத்தாழ 13,600 கிலோமீட்டர். போய்வரக் குறைந்தது 136 மில்லி விநாடிகள். எவ்வளவு பணம் கட்டி எவ்வளவு பெரிய இணைப்பை வாங்கினாலும் இது குறையாது. இணைப்பின் அகலம் வேறு, தாமதம் வேறு. ஆறுவழிச் சாலை போட்டால் ஒரே நேரத்தில் அதிக வண்டிகள் செல்லும். ஈப்போ அதனால் பினாங்குக்குப் பக்கத்தில் வந்துவிடாது.

ஆனால் தாமதத்தில் மறுபகுதி நம் வீட்டுக்குள்ளேயே பிறக்கிறது. அதுதான் நம் கதையின் முடிச்சு. பையனின் ஆட்டத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். விநாடிக்கு 30 பொட்டலங்கள், ஒவ்வொன்றும் 100 பைட் என்று கொள்வோம். மொத்தம் 3,000 பைட். 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே 24,000 பிட், அதாவது 24 கிலோபிட். வீட்டிலிருந்து வெளியே செல்லும் பாதையின் அகலம் விநாடிக்கு 4 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், பையனின் ஆட்டம் அதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே எடுக்கிறது. "அவ்வளவு லைன் வேண்டாம், சார்" என்று அவன் சொன்னது வெறும் சாக்கன்று, சரியான கணக்கு.

அதே பாதையில் ஒரு கைப்பேசி 200 மெகாபைட் அளவுள்ள காணொளியை வெளியே ஏற்றத் தொடங்குகிறது என்று கொள்வோம். 4 மெகாபிட் என்பது விநாடிக்கு அரை மெகாபைட். காணொளி ஏறி முடிய 400 விநாடிகள், அதாவது ஆறே முக்கால் நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதுவரை கைப்பேசி பொட்டலங்களைப் பாதை தாங்கும் அளவுக்கும் மேலாகத் தள்ளும். தாங்க முடியாதவற்றை ரவுட்டர் வரிசையில் நிறுத்தி வைக்கும். அந்த வரிசையில் அரை மெகாபைட் நிற்க இடம் இருந்தால், கடைசியில் வந்து நிற்கும் பொட்டலம் வெளியேற ஒரு முழு விநாடி ஆகும். பையனின் 100 பைட் பொட்டலமும் மகளின் குரல் பொட்டலமும் அந்த வரிசையின் கடைசியில்தான் நின்றாக வேண்டும். சிங்கப்பூருக்குப் போய்வர மூன்று நான்கு மில்லி விநாடி. வீட்டு வாசலைத் தாண்ட ஆயிரம் மில்லி விநாடி!

இந்தக் குறையை 2010ஆம் ஆண்டில் ஜிம் கெட்டிஸ் என்னும் அமெரிக்கக் கணினி வல்லுநர் தம் வீட்டு இணைப்பிலேயே கண்டறிந்து, உலகுக்கு எடுத்துச் சொன்னார். பொட்டலங்கள் தொலையக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் கருவி செய்வோர் வரிசைக்கு மிகுதியான இடம் கொடுத்துவிட்டனர். அந்த நல்லெண்ணமே தாமதத்துக்குக் காரணமாயிற்று.

பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறப்பதில் நியாயம் பற்றிய கேள்வியும் ஒன்று உண்டு. 1986ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் பெர்க்லியில், ஏறத்தாழ 400 கஜ தொலைவில் இருந்த இரண்டு நிலையங்களுக்கு இடையே இணைப்பின் வேகம் விநாடிக்கு 32,000 பிட் என்ற நிலையிலிருந்து வெறும் 40 பிட்டுக்கு விழுந்தது. நெரிசல் கண்டதும் எல்லாரும் மீண்டும் மீண்டும் அனுப்பியதால் நெரிசல் மேலும் பெருகியதே காரணம். வான் ஜேக்கப்சன் என்பவர் அதை ஆராய்ந்து 1988ஆம் ஆண்டில் மருந்து சொன்னார். நெரிசல் தெரிந்தால் ஒவ்வோர் இணைப்பும் தன் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். பிறகு சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். டி.சி.பி. இணைப்புகள் இவ்வாறு ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து, பாதையை ஏறத்தாழச் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன.

ஆனால் பங்கு வீட்டில் உள்ள ஆள் கணக்கில் நடப்பதில்லை. இணைப்புக் கணக்கில் நடக்கிறது. ஆட்டத்தின் புதிய பகுதியை இறக்கும் வேலை எட்டு இணைப்புகளைத் திறந்து, அக்காளின் பாடக் கோப்பு ஒரே இணைப்பில் இறங்கினால், மொத்தம் ஒன்பது பங்கு. எட்டுப் பங்கு ஆட்டத்துக்கு, ஒரு பங்கு பாடத்துக்கு. பந்தியில் ஒருவனே எட்டு இலை போட்டு உட்கார்ந்துகொண்டால் பரிமாறுகிறவர் என்ன செய்வார்? எனவே விளையாட்டால் வீட்டு இணைப்புக்குத் தொல்லை இல்லவே இல்லை என்று சொல்லமாட்டோம். ஆடுவது தொல்லையன்று, ஆட்டத்தை இறக்குவதுதான் தொல்லை.

இப்போது கதையின் முடிவைச் சொல்லிவிடுவோம். கணினித் துறையில் பயிலும் நம் பழைய மாணவர் ஒருவரிடம் இந்த வழக்கைச் சொன்னோம். அவர் மூன்று கேள்விகள் கேட்டார். மகளுக்கு ஆசிரியர் குரல் நன்றாகக் கேட்டதா? கேட்டது. கடைக்குட்டியின் படம் தடங்கலின்றி ஓடியதா? ஓடியது. தொல்லை எப்போது தொடங்கும்? தகப்பனார் வீடு திரும்பிய சற்று நேரத்தில். "அப்படியானால் உள்ளே வரும் பாதை நன்றாக இருக்கிறது, சார்; வெளியே போகும் பாதையில்தான் அடைப்பு" என்று அவர் கூறினார். பிறகு அந்த வீட்டுக்கு நேரே சென்று பார்த்தார். தகப்பனாரின் கைப்பேசியில் கோயில் திருவிழாவின்போது எடுத்த காணொளிகள் நிறைய இருந்தன. வீட்டு இணைப்பு கிடைத்தவுடன் அவற்றைத் தானாகவே வெளியே சேமிப்பகத்துக்கு ஏற்றும்படி கைப்பேசி அமைக்கப்பட்டிருந்தது. ஏற்றுவதை நிறுத்தியதும் தாமதம் இறங்கியது. மீண்டும் தொடங்கியதும் ஏறியது. மூன்று முறை செய்து காட்டினார். தகப்பனார் ஒன்றும் பேசவில்லை. மகனின் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

நேயர்கள் வீடுகளில் செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, கைப்பேசிகள் படங்களைத் தாமாக ஏற்றுவதையும், ஆட்டங்கள் புதிய பகுதிகளை இறக்குவதையும் எல்லாரும் உறங்கும் நேரத்துக்கு மாற்றி வைக்கலாம். இரண்டாவது, சில ரவுட்டர்களில் வரிசையை ஒழுங்குசெய்யும் வசதி உண்டு. கேத்லீன் நிக்கல்ஸ் என்பவரும் முன்பு குறிப்பிட்ட வான் ஜேக்கப்சனும் 2012ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி கண்டனர். அதிலிருந்து வளர்ந்த முறை, ஒவ்வோர் இணைப்புக்கும் தனி வரிசை அமைத்து, சிறு பொட்டலம் பெரும் சுமைக்குப் பின்னால் காத்திராமல் செல்ல வழிவிடுகிறது. அது 2018ஆம் ஆண்டில் முறைப்படி வெளியிடப்பட்டது. அந்த வசதி இருந்தால், வெளியே செல்லும் வேகத்தைக் கம்பியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாக அமைத்து அதனை இயக்கிவிடலாம். மூன்றாவது, வகுப்புக்கும் ஆட்டத்துக்கும் உரிய கணினியைக் கூடுமானவரை கம்பியால் இணைப்பது நல்லது. காற்று வழி இணைப்பில் சுவரும் தொலைவும் வேறு தாமதம் சேர்க்கும். நான்காவது, பெரிய இணைப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன், அடைப்பு எந்தப் பாதையில், எந்த நேரத்தில் உண்டாகிறது என்று பாருங்கள்.

ஐந்தாவதாக ஒன்றைப் பெற்றோருக்குச் சிறப்பாகச் சொல்ல விரும்புகிறோம். படிப்பு முதலாவது என்பதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆட்டத்துக்கு நேரம் வகுக்க வேண்டியது பெற்றோரின் கடமை. ஆனால் நேரம் முடிந்தது என்றால், "இந்த ஆட்டம் எப்போ முடியும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மின்கம்பியைப் பிடுங்கினால் அறுவது ஓர் இணைப்பன்று. அடுத்த அறையில் வகுப்பு அறும். எங்கோ நான்கு வீடுகளில் அவனை நம்பி ஆடும் பிள்ளைகளின் ஆட்டம் கெடும். சொல்லாமல் விட்டுப்போனவன் என்ற பெயர் அவனுக்கு வரும். பிள்ளைகளுக்கு அது பெரிய இழுக்கு.

பையனை மீண்டும் அழைத்து, நாம் கண்டித்தது தவறு என்று சொன்னோம். தம் தவற்றை ஊரறிய எழுதிவிட்டுத் திருத்திய கார்மாக்கைப் பற்றியும் சொன்னோம். அவன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "சார், குறிப்பேட்டை மாத்தி எழுதுற அந்தக் கிராணி கதையை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றான். சொன்னோம். இம்முறை அவன் தாளில் படம் வரைந்துகொண்டே கேட்டான்.